டின் பாலும் நெடுந்தீவுக் கிணற்றுத் தண்ணியும்

போன கட்டுரைக்குக் கீழே சில பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். நெடுந்தீவுக்குப் போக எந்த மாதம் நல்லது? தையும் மாசியும் நல்லது. ஆனியில் மட்டும் போகாதேங்கோ. சோழகக் காற்று கடலைப் போட்டுக் கிண்டுகிற காலம் அது. வெறும் வயிற்றோடு வள்ளத்தில் ஏறினாலும் முதல் நாள் சாப்பிட்டது வெளியே வந்துவிடும். இவ்வளவு புத்தி சொல்லுகிற நான் முதன்முதல் அங்கே போனது எப்போது என்று கேட்டால், 1983 ஆனி. ஆடிக் கலவரத்துக்கு முந்தின மாதம்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. யாழ்ப்பாணம் டவுனில் தங்கி நின்று தட்டெழுத்து படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சரவணையில். என் அக்கா சுகிர்தாவை நெடுந்தீவில் கட்டிக் கொடுத்திருந்தோம். கலியாணம் முடிந்து அரை வருசத்தில் அத்தான் கட்டட வேலைக்கு துபாய் போய்விட்டார். பிள்ளைப்பெறு எங்கள் வீட்டில் நடந்தது. பெண் குழந்தை, பெயர் வதனி. ஒன்றரை மாதத்தில் அக்காவின் மாமி வந்து தாயையும் பிள்ளையையும் நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பிள்ளைக்கு மூன்று மாதமானபோது அந்தப் பக்கம் இருந்து வந்த ஒருவரிடம் அக்கா சொல்லி விட்டிருந்தா, “பிள்ளை ஓயாமல் அழுகுது, தங்கச்சியை ஒருக்கா வரச் சொல்லுங்கோ.” அதுதான் பயணத்துக்குக் காரணம். நெடுந்தீவுக் காட்டுக் குதிரைகளையும் பார்க்கலாம் என்று ஒரு ஆசையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பாதை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் எடுக்க வேண்டும். இருபது மைலுக்குக் கொஞ்சம் கூட வரும், ஒன்றரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கோ. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். யன்னல் ஓரம் இடம் கிடைத்தால் விடாதேங்கோ. அல்லைப்பிட்டி தாண்டி, வேலணை தாண்டி, சரவணையில் பஸ் நின்றபோது அம்மா ஒரு கடதாசிப் பார்சலோடு வீதியில் நின்றா. யன்னலுக்குள்ளால் என் மடியில் போட்டா. உள்ளே பால்சுறாக் கருவாடு. பால் குடுக்கிற தாய்மாருக்கு எங்கள் பக்கத்தில் அதை விட்டால் வேறு மருந்து இல்லை.

பஸ் புறப்பட்டு ஐந்து நிமிசத்தில் கொண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்ன பிள்ளை உது? பஸ் முழுக்க மணக்குது.”

“பால்சுறா அண்ணை. அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு.”

“ஓ... அப்ப மணக்கட்டும். சீற்றுக்குக் கீழ தள்ளி வையும்.”

அந்த மனுசன் நல்லா இருக்க வேணும். மற்ற ஆட்கள்தான் குறிகட்டுவான் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டு வந்தார்கள்.

குறிகட்டுவான் துறையில் அப்போது இரண்டு தேத்தண்ணிக் கடைகள். நான் தேத்தண்ணிப் பைத்தியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ, பிறகு உதவும். கடையில் கலர் சோடாப் போத்தல்கள், கொழும்பில் இருந்து வந்த கிறீம் பிஸ்கற், பால்மா டின்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. யாழ்ப்பாணத்துப் பெரிய கடையில் என்ன இருந்ததோ அதே பெட்டி, அதே படம், அதே நிறம். நானும் இரண்டு பக்கற் பிஸ்கற் வாங்கினேன். பாலும் தயிரும் பனங்கட்டியும் இருக்கிற ஊருக்கு மினுங்கற் கடதாசி சுற்றின பிஸ்கற்றோடு போனால்தான் மரியாதை என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு எண்ணம் வந்திருந்த காலம் அது. பனங்கிழங்கு இடித்த ஒடியல் மாவோடு யாரும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகமாட்டார்கள். வெட்கம்.

அங்கே இருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். நயினாதீவு வள்ளத்தில் ஏறின கோயில் சனம் “தாயே, அம்மாளாச்சி” என்று கும்பிட்டது. எங்கள் வள்ளத்தில் ஏறினவர்கள் பேசாமல் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று பத்து நிமிசத்தில் விளங்கிவிட்டது. அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி வேறொன்றும் எழுதமாட்டேன்.

நெடுந்தீவில் கால் வைத்தால் முதலில் கண்ணில் படுவது மதில்கள். சீமெந்து இல்லாமல் பவளக் கல்லை அப்படியே அடுக்கிக் கட்டினது. மாமி வீட்டு மதிலும் அப்படித்தான். முற்றத்தில் மூன்று பசு மாடு, ஒரு கன்று, பின்னால் ஆட்டுக் கொட்டில். பாலுக்குப் பஞ்சமே இல்லாத வீடு. ஆனால் எனக்கு வந்த தேத்தண்ணி டின் பாலில் ஊற்றினது.

“மாட்டுப் பாலில ஊத்தித் தாங்கோவன் மாமி,” என்றேன்.

“ஐயையோ, விருந்தாளிக்கு மாட்டுப் பாலில ஊத்திக் குடுத்ததெண்டு ஊர் என்ன கதைக்கும்?” என்று மாமி வாயைப் பொத்திக்கொண்டா. பசுப் பாலைத் தயிராக்கி விற்று, அந்தக் காசில் கடையில் டின் பால் வாங்கித் தேத்தண்ணி ஊற்றுகிற வீடு. எனக்குச் சிரிப்பு வந்தது. தேத்தண்ணி நல்லாத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேணும்.

அறைக்குள் அலுமாரிக்கு மேலே அத்தான் அனுப்பின பால்மா டின்கள் வரிசையாக இருந்தன. துபாயில் இருந்து வந்து போகிற ஆட்களிடம் குடுத்து விட்டிருந்தார். வெறும் டின்னைக் கூட எறியவில்லை. சீனி, உப்பு, தேயிலை எல்லாம் அதற்குள்தான், படம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வைத்து. எல்லா டின்னிலும் ஒரே குழந்தை, கொழுத்த கன்னம், நீலக் கண். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் முதலில் டின்னைப் பார்ப்பார்கள், பிறகு வதனியைப் பார்ப்பார்கள், “இன்னும் அந்தளவுக்கு வரேல்லைப் பிள்ளை, நல்லாக் குடுங்கோ,” என்பார்கள். அக்காவுக்கு முகம் விழுந்துவிடும்.

அந்த நாளில் வெளிநாட்டில் இருந்து கடிதத்துக்குப் பதில் கசட்டில் பேசி அனுப்புவார்கள். அக்கா எனக்கு அத்தானின் கசட்டைப் போட்டுக் காட்டினா. “சுகி, இஞ்ச எந்த நாட்டுப் பிள்ளையெண்டாலும் இந்தப் பால்தான் குடிக்குது. எல்லாம் ஒரே மாதிரிக் கொழுகொழுவெண்டு இருக்குதுகள். என்ர பிள்ளையும் அப்பிடி வளர வேணும். நான் பக்கத்தில இல்லை, இதையெண்டாலும் செய்ய விடு.” குரல் ஒரு இடத்தில் உடைந்தது. பெற்ற பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்த மனுசன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. டின் வந்த நாளில் இருந்து அக்கா தாய்ப்பாலை நிற்பாட்டியிருந்தா. அம்மாவின் பால்சுறாப் பார்சலை அவிழ்த்தபோது அவ அதைக் குசினி மூலையில் வைத்தா.

பிள்ளையைத் தூக்கினேன். பாரமே இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழுகிற வாய் மூடவில்லை. போத்தலைக் கண்டால் பாய்ந்து பாய்ந்து குடிக்கும், குடித்து முடித்து முன்னையதை விடக் கூட அழும்.

இப்போது நெடுந்தீவுத் தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், போகிறவர்களுக்கும் தேவை. அங்கே எல்லாக் கிணறும் ஒன்றல்ல. வீட்டு வளவுகளுக்குள் இருக்கிற கிணறுகள் உவர். குளிக்கலாம், கழுவலாம். மாரியில் குடிக்கலாம் போல இருக்கும், ஆனி வந்தால் வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணி ஊருக்குப் பொதுவான நல்ல தண்ணிக் கிணற்றில் இருந்து குடத்தில் வரும். மாமி ஒவ்வொரு காலையும் அங்கே போய் எடுத்து வருவா. எனக்கு ஊற்றின தேத்தண்ணி அந்தத் தண்ணிதான்.

அக்கா பால் கரைக்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோயில் ஐயர் தோற்றார். போத்தலை அவித்து, சூப்பியை அவித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கேத்தலில் தண்ணியைக் கொதிக்க விட்டுப் பக்கத்திலேயே இருந்தா. கொதித்த பிறகும் இறக்கவில்லை.

“போதுமே அக்கா, பாதி வத்திப் போச்சு.”

“டின்னில இங்கிலீசில வடிவாப் போட்டிருக்கு, சுத்தமான தண்ணி, நல்லாக் கொதிக்க வைக்கச் சொல்லி. பிள்ளைக்கு ஏதோ கிருமி பட்டுத்தான் அழுகுது. நான் இப்ப முந்தியை விடக் கூட நேரம் கொதிக்க வைக்கிறனான்.”

பால்மா என்றால் எனக்குச் சின்ன வயதில் இருந்து உயிர். கரண்டியில் ஒட்டியிருந்ததை வழித்து நாக்கில் வைத்தேன், இனித்தது. போத்தலில் கரைத்து வைத்த பாலிலும் ஒரு சொட்டுக் கையில் விடச் சொல்லிக் கேட்டேன். அக்கா என் கையில் பட்டென்று ஒரு அடி.

“பிள்ளைக்குக் குடுக்கிறதை எச்சில் படுத்தாதையடி! நானே இதுவரைக்கும் வாயில வைச்சதில்லை.”

சூடு சரியா என்று மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பா, அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் எச்சில் என்பது சும்மா விசயமில்லை. சாமிக்குப் படைக்கிறதை எப்படி ருசி பார்க்கமாட்டோமோ, பிள்ளையின் பாலையும் அப்படித்தான் வைத்திருந்தா அக்கா. நானும் கையைத் தடவிக்கொண்டு விட்டுவிட்டேன்.

அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. விடியும்போது பிள்ளை அழுகிறதையும் விட்டுவிட்டது, கண் மட்டும் செருகிச் செருகிப் போனது. அழுகை நின்றதுதான் எங்களைப் பயப்படுத்தியது. “கெதியா ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ,” என்று மாமி எங்களைத் துறைக்குத் துரத்தினா. அந்த அவசரத்திலும் அக்கா தண்ணி கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, ஒரு போத்தல் பாலும் கரைத்து, பால்மா டின்னையும் எடுத்துக்கொண்டா.

காலை வள்ளத்தில் கூட்டம் இல்லை. பனையோலைக் கடகத்தோடு ஒரு மீன்காரப் பெண், இரண்டு அரசாங்க உத்தியோகத்தர், நாங்கள். காற்று அன்றைக்குப் பிசாசு. பாதிக் கடலில் எனக்குக் குடல் வெளியே வருமோ என்றிருந்தது. தொண்டைக்குச் சூடாக ஏதாவது வேணும், தேத்தண்ணிக்கு வழியில்லை, சுடுதண்ணியாவது குடிப்போம் என்று அக்காவின் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன்.

அப்படியே துப்பினேன்.

“அக்கா, இதுக்குள்ள கடல் தண்ணி போட்டுது!”

“என்ன விசர்க்கதை? இறுக்கி மூடியெல்லோ வைச்சிருக்கிறன்.”

“உப்பு அக்கா. குடிக்க ஏலாது. இது எந்தத் தண்ணி?”

“எங்கட வளவுக் கிணறு,” என்றா அக்கா. “பொதுக் கிணத்தில ஊர்ச்சனம் முழுக்க வாளி போடுது, பக்கத்தில மாடு தண்ணி குடிக்குது. டின்னில சுத்தமான தண்ணியெண்டு போட்டிருக்கு. எங்கட கிணத்துக்கு மூடி போட்டு, நான் ஒருத்தி மட்டுந்தான் அள்ளுறனான். உவர்தான், ஆனா அவ்வளவு கொதிக்க வைக்கேக்க...”

கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஆவியாகப் போகும், உப்பு அடியில் நிற்கும். எங்கள் தீவுகளில் உப்பு விளைகிறதே அப்படித்தானே! பிள்ளை அழ அழ, அவ கூடக் கொதிக்க வைத்திருக்கிறா. கொதிக்கக் கொதிக்க உப்புக் கூட, உப்புக் கூடக் கூடத் தாகம். மாமியோ அக்கா குடத்துத் தண்ணியில்தான் பால் கரைக்கிறா என்று நினைத்துக்கொண்டிருந்தா.

அக்கா பிள்ளைக்கென்று கரைத்து வைத்திருந்த போத்தலை எடுத்து, முதன்முறையாகச் சூப்பியைத் தன் வாயில் வைத்தா. அந்த முகத்தை நான் எழுத முயலவில்லை. போத்தலை அப்படியே கடலில் விட்டெறிந்தா.

“அண்ணை, நல்ல தண்ணி கிடக்கோ?” என்று வள்ளம் ஓட்டுகிறவரைப் பார்த்துக் கத்தினேன்.

“ஓம், என்ர கானுக்கை கிடக்கு, எடும்!”

நான் குடித்துப் பார்த்துவிட்டுக் கரண்டியில் குடுத்தேன், அக்கா துளித்துளியாகப் பிள்ளையின் வாயில் விட்டா. மீன்காரப் பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவ, எழும்பி அக்காவிடம் வந்தா.

“பால் இருக்கோ பிள்ளை?”

“நிப்பாட்டி மூண்டு கிழமைக்கு மேல ஆச்சு. இனி எங்க வரப்போகுது!”

“வரும். பிள்ளை இழுத்தா வரும். வெக்கப்படாமல் வையும். நான் பிடிக்கிறன்.”

தன் சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றா. அந்த ஆட்டத்தில் ஒன்றையும் பிடிக்காமல் எப்படி நின்றேனோ, மாதாவுக்குத்தான் தெரியும் என்று அவவே பிறகு சொன்னா. சீலைக்குப் பின்னால் அக்கா விம்மி அழுகிற சத்தம் கேட்டது. “பிடிச்சிட்டுதடி, வாயில பிடிச்சிட்டுது,” என்று சொல்லிச் சொல்லி அழுதா.

குறிகட்டுவானில் ஒரு பழைய வாடகைக் கார் பிடித்து ஊர்காவற்றுறை போனோம். டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார், ஏசவில்லை. “உப்புக் கூடிப் போச்சு, இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தா எனக்குச் சொல்ல ஏலாது,” என்று மட்டும் சொல்லி மருந்து ஏற்றினார். அம்மா சரவணையில் இருந்து வந்து ஆசுப்பத்திரி வாட்டில் நின்றா, கையில் திரும்பவும் பால்சுறா. இந்த முறை ஒரு நாளும் மீதம் வைக்காமல் அக்கா சாப்பிட்டா. பிள்ளை பிழைத்தது. சரவணை வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா கூடக் கொண்டுவந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் படிப்பா. “நான் எழுதினபடிதானேயடி செய்தனான்?” என்று என்னைக் கேட்பா. ஓம், எழுதினபடியே செய்தா. உலகம் முழுக்க ஒரே தண்ணி என்று நினைத்து ஆரோ ஒரு மேசையில் இருந்து எழுதினது அது. எங்கட தீவில் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணி, இந்தப் பக்கம் ஒரு தண்ணி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? படிக்கத் தெரிந்த தாய் என்பதால்தான் என் அக்கா அகப்பட்டா.

அத்தானுக்குப் பதில் கசட் நாங்கள் சரவணையில் வைத்துப் பதிந்தோம். அக்கா நடந்த ஒன்றையும் சொல்லவில்லை. “நீங்கள் அனுப்பின பால் நல்ல பால்தான். எங்கட கிணத்துக்குத்தான் அது ஒத்துவரேல்லை. இனி அனுப்பாதேங்கோ. பிள்ளை பால் குடிக்குது, கேளுங்கோ,” என்று சொல்லி, கசட் பதிகிற ரேடியோவைப் பிள்ளை பால் குடிக்கிற இடத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னா. நான் பிடித்தேன். கசட்டின் அந்தப் பக்கம் முடியும் மட்டும் அந்தச் சத்தம்தான்.

பிறகு சண்டைக் காலத்தில் கன வருசம் அந்தப் பாதையில் போக முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். போன வருசம் தையில்தான் திரும்பப் போனோம், அக்காவும் நானும் வெளிநாட்டில் இருந்து வந்த வதனியும். ஆகையால் இப்போதைய விபரமும் சொல்லலாம். காலையிலேயே குறிகட்டுவான் போய்விடுங்கோ, திரும்பி வருகிற கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்று ஏறுகிறபோதே கேளுங்கோ. கட்டணத்தை இங்கே எழுதினால் நீங்கள் போகிற நேரம் மாறியிருக்கும். தீவுக்குள் சுற்ற ஓட்டோ பிடிக்கலாம், ஏறமுன் விலை பேசுங்கோ. தொப்பி அவசியம். யார் வீட்டுக்காவது போனால் மாட்டுப் பாலில் தேத்தண்ணி கேளுங்கோ. தயங்குவார்கள், நீங்கள் விடாதேங்கோ. கைக்குழந்தையோடு போனால் குடிக்கிற தண்ணி எந்தக் கிணறு என்று வாய் விட்டுக் கேளுங்கோ, கேட்டுவிட்டு நீங்களே ஒரு வாய் குடித்தும் பாருங்கோ.

துறையில் இப்போது கடைகள் கூடிவிட்டன. வதனி மூன்று தண்ணிப் போத்தல் வாங்கினாள். அவளுக்கு நாற்பது வயதாகப் போகிறது, இரண்டு பிள்ளைகளின் தாய். ஒன்றைத் திறக்கப் போக, அக்கா கையை நீட்டினா.

“இஞ்ச தா.”

“அம்மா, கம்பனித் தண்ணி. சீல் கூட உடைக்கேல்லை.”

“தா எண்டுறன்.”

வதனி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு குடுத்தாள். வீட்டில் தேத்தண்ணி, சோறு, குழம்பு எல்லாத்துக்கும் அவளுக்கு இது பழக்கம். அக்கா மூடியைத் திருகித் திறந்து, போத்தலில் வாய் வைத்தே ஒரு முடறு குடித்தா. கொஞ்ச நேரம் அதை வாய்க்குள் வைத்திருந்தா. பிறகு விழுங்கிவிட்டு, எச்சில் போத்தலை மகளிடம் நீட்டினா.

“இப்ப குடி,” என்றா.